பூங்கா மேடையில் மாயாஜாலம்: ஒரே காட்சிக்கு ஏன் இத்தனை விதமான எதிர்வினைகள்?

கேளிக்கைப் பூங்கா ஒன்றில் மேஜிக் ஷோ முடிந்து வெளியே வருகிறவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால், அவர்கள் எல்லோரும் ஒரே நிகழ்ச்சியைத்தான் பார்த்தார்களா என்ற ஐயம் எழும். பெட்டியில் படுத்திருந்த பெண்ணை இரண்டாக அறுத்ததைக் கண்ணாரக் கண்டதாக ஒருவர் சத்தியம் செய்வார். மேடைக்கு அழைக்கப்பட்டவர் அவர்களுடைய ஆள்தான், எல்லாமே செட்டப் என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார். முன்வரிசையில் ஒரு குழந்தை பயந்து அழுதிருக்கும். அதே வரிசையில் இருந்த அதன் அண்ணன், "அந்தக் கையிலதான் வெச்சிருக்காரு" என்று அரங்கமே கேட்கும்படி கத்தியிருப்பான். இந்தப் பேச்சுகளை வைத்துத்தான் அந்த வித்தைக்காரர் கைதேர்ந்தவரா, ஏமாற்றுக்காரரா, பார்வையாளர்கள் ஏமாளிகளா என்ற தீர்ப்புகள் பிறக்கின்றன.

அந்தத் தீர்ப்புகள் பெரும்பாலும் பிழையானவை. ஒரு வித்தையைக் கண்டு மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது அந்த வித்தையின் உள்விவரத்தைவிட, அவர்கள் எந்த எதிர்பார்ப்போடு அந்த இருக்கையில் அமர்ந்தார்கள் என்பதையே அதிகம் சார்ந்திருக்கிறது. அது ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் நான்கு சொற்கள்

1. விளைவு: நடந்ததாகப் பார்வையாளர் உணர்வது. "பந்து காற்றில் மறைந்தது" என்பது விளைவு.

2. முறை: உண்மையில் நடந்தது. பந்து கையை விட்டுப் போகவே இல்லை என்பது முறை.

3. திசைதிருப்பல்: விளைவுக்கும் முறைக்கும் இடையிலுள்ள தூரத்தை மறைக்கும் எல்லா உத்திகளும் இதில் அடங்கும். கண்ணை வேறு பக்கம் பார்க்கவைப்பது இதன் எளிய வடிவம் மட்டுமே. ஐயத்தைத் தவறான பொருளின்மேல் ஏற்றுவதும், முக்கியமான கணத்தை நினைவிலிருந்து நழுவவிடுவதும் இதைவிட நுட்பமான வடிவங்கள்.

4. உடந்தையாள்: கூட்டத்தில் ஒருவரைப்போல அமர்ந்திருந்து, முன்கூட்டியே பேசி வைத்தபடி மேடையேறுகிறவர். பேச்சுவழக்கில் 'செட்டப் ஆள்'.

கண் பார்த்ததும் மனம் கண்டதும்

"என் கண்ணால் பார்த்தேன்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்வதில்லை. இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறிய பந்து வித்தையை அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

வித்தைக்காரர் பந்தை மேலே எறிந்து பிடிக்கிறார். மீண்டும் ஒருமுறை எறிந்து பிடிக்கிறார். இரண்டு முறையும் அவருடைய தலை நிமிர்கிறது, கண்கள் பந்தோடு மேலே சென்று பந்தோடு கீழே வருகின்றன. மூன்றாவது முறை கை அதே வேகத்தில் உயர்கிறது, தலை நிமிர்கிறது, பார்வையும் மேலே செல்கிறது. ஆனால் பந்து உள்ளங்கைக்குள் மடங்கிய விரல்களுக்கு அடியிலேயே இருக்கிறது. பார்ப்பவர்களில் பலருக்குப் பந்து மேலே போனதும், உச்சியில் மறைந்ததும் தெளிவாகத் தெரிகிறது.

நார்மன் டிரிப்ளெட் என்ற அமெரிக்க உளவியலாளர் இத்தகைய சோதனையைப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 1900-இல் வெளியிட்டார். ஏறத்தாழப் பாதிப் பேர் இல்லாத பந்து மேலே சென்றதைப் 'பார்த்தார்கள்'. 2006-இல் குஸ்தாவ் குன், மைக்கேல் லேண்ட் ஆகிய இரு ஆய்வாளர்கள் அதே வித்தையைக் கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவியோடு மீண்டும் ஆராய்ந்தார்கள். வித்தைக்காரர் தன் பார்வையை மேல்நோக்கிச் செலுத்தியபோது சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் ஏமாந்தார்கள். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இதைவிட முக்கியமான ஒரு செய்தியையும் கருவி காட்டியது. பந்து மேலே போனதைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் பெரும்பாலோரின் கண்கள், பந்து 'மறைந்த' அந்த உச்சிக்குப் போகவே இல்லை. அவர்கள் வித்தைக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து இருக்க வேண்டிய இடத்தை அந்த முகம் சொன்னது, மனம் பந்தை அங்கே வைத்துக்கொண்டது.

நமது தெருக்களில் செப்படி வித்தை காட்டுகிறவர்கள் ஆய்வுக்கூடம் இல்லாமலே தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருப்பது இதைத்தான். கையை ஒளிப்பதைவிட முகத்தை ஆள்வது முக்கியம் என்பது அவர்களது தொழிலின் அரிச்சுவடி. எனவே ஏமாந்தவரை அறிவு குறைந்தவர் என்று கருதுவது அநியாயம். பிறர் முகத்தைப் பார்த்து அவர்கள் எதைக் கவனிக்கிறார்கள் என்று கணிக்கும் திறன் இல்லாவிட்டால் நம்மால் உரையாடவோ, கூட்டமான சாலையில் நடக்கவோ முடியாது. வித்தை அந்தத் திறனைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது.

முன்வரிசைச் சிறுவன் ஏன் "அந்தக் கையில" என்று கத்துகிறான் என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. குழந்தைகளை ஏமாற்றுவது கடினம் என்று அனுபவமுள்ள வித்தைக்காரர்கள் சொல்வது வழக்கம். மேடையில் இருப்பவர் கேள்வி கேட்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவர் சுட்டிய இடத்தை நோக்க வேண்டும் என்ற அவையடக்கம் பெரியவர்களிடம் ஊறியிருக்கிறது. சிறுவன் தனக்குப் பிடித்த இடத்தைப் பார்க்கிறான். சில நேரங்களில் அந்த இடம் முறை ஒளிந்திருக்கும் இடமாக அமைந்துவிடுகிறது.

பூங்கா அரங்கு எங்கே வேறுபடுகிறது

நகர அரங்கு ஒன்றுக்கு மாயாஜாலம் பார்ப்பதற்காகவே சீட்டு வாங்கிச் செல்கிற கூட்டமும், பூங்காவுக்குள் நடந்துகொண்டிருக்கும்போது காட்சிக்குள் நுழைகிற கூட்டமும் ஒன்றல்ல. வேறுபாடுகள் இவை:

1. பெரும்பாலும் நுழைவுக் கட்டணத்திலேயே இந்தக் காட்சியும் அடங்கிவிடுகிறது. வெயிலுக்கு ஒதுங்கியவர், ராட்டினத்தில் சுற்றிய தலைசுற்றல் தீர உட்கார்ந்தவர், பாட்டிக்கு இருக்கை தேடி வந்தவர் என எல்லோரும் கலந்திருக்கிறார்கள். வித்தையின்மீது முன்கூட்டியே விருப்பம் கொண்டவர்கள் குறைவு. இடையில் எழுந்து போவதற்கு எந்தத் தயக்கமும் இல்லை. அதை வித்தைக்காரரின் தோல்வியாகக் கொள்வது சரியாகாது.

2. பெரிய பெட்டிகளை வைத்துச் செய்யும் மேடை வித்தைகள், நேர் எதிரே இருந்து பார்ப்பவர்களுக்காக அளவெடுத்து அமைக்கப்பட்டவை. கூட்டம் நிரம்பும்போது மேடையின் ஓரம்வரை மக்கள் அமர்ந்துவிடும் பூங்காக்களில், கடைசிக் கோணத்தில் இருப்பவருக்குப் பெட்டியின் பின்பக்கம் தெரிந்துவிடலாம். அவர் "சுத்த ஏமாற்று" என்று சொல்வதும் நடுவில் இருந்தவர் "அற்புதம்" என்று சொல்வதும் ஒரே நேரத்தில் நேர்மையான சாட்சியங்களே.

3. ஒரே நாளில் பல காட்சிகள். ஒரே கூட்டத்துக்கு ஒரே வித்தையை இரண்டாம் முறை காட்டாதே என்பது இந்தக் கலையின் பழைய விதி. பூங்காவில் அதைக் காப்பாற்றுவது கடினம். பிற்காலத்தில் தப்பிக்கும் வித்தைகளால் உலகப் புகழ் பெற்ற ஹூடினி, அந்தப் புகழுக்கு முன் 1894-இல் நியூயார்க்கின் கோனி தீவுக் கேளிக்கைத் திடலில் தன் தம்பியோடு வித்தை காட்டிக்கொண்டிருந்தார். அத்தகைய இடங்களில் நிகழ்ச்சி சுருக்கமாகவும், பார்த்த உடனே புரிவதாகவும் இருந்தாக வேண்டும். மெதுவாகக் கட்டி எழுப்பும் கதைக்கு அங்கே நேரம் இல்லை.

4. பூங்காவுக்கு வருகிறவர் தானும் பங்கேற்க வருகிறார். சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள விஜிபி பூங்காவின் வாயிலருகே அசையாமல் நின்ற சிலை மனிதரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அவர் முன் நின்று கோமாளித்தனம் செய்து, சிரிக்கவைத்துவிடலாம் என்று முயலாத குடும்பம் அரிது. அவர் அசையாமல் நிற்பதை ரசிப்பதும் அவரை அசைத்துப் பார்க்க முனைவதும் ஒரே ஆர்வத்தின் இரு பக்கங்கள். அதே மனநிலையோடுதான் அந்தக் குடும்பம் மேஜிக் அரங்கிலும் உட்காருகிறது. சவால் விடுவதும், கத்துவதும், "கையைக் காட்டு" என்று கேட்பதும் அங்கே அவமதிப்பு ஆகாது.

மாயாஜாலத்துக்காகவே அமைந்த பூங்காவில் நிலைமை சற்று மாறுகிறது. திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் கின்ஃப்ரா தொழிற்பூங்கா வளாகத்தில் வித்தைக்காரர் கோபிநாத் முதுகாடு 2014-இல் தொடங்கிய மேஜிக் பிளானட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தெருவில் வித்தை காட்டி நாடோடியாகத் திரிந்த கலைஞர்களுக்கு அங்கே நிலையான மேடை கிடைத்தது. சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் கூட்டம் ஐயத்தோடு பார்த்த அதே கைத்திறனை, அங்கே ஒரு மரபுக் கலையாகக் கருதிப் பார்க்கிறார்கள். வித்தை மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த சூழல் மாறியது.

'ஆள் செட்டப்' என்ற குற்றச்சாட்டு

பார்வையாளர்களிடம் மிக எளிதில் எழும் விளக்கம் இதுதான். சில நிகழ்ச்சிகளில் உடந்தையாட்கள் இருப்பது உண்மை. ஆனால் மேடையேறியவர் முழு உடந்தை அல்லது முழு அப்பாவி என்ற இரண்டே வாய்ப்புகள் இருப்பதாக நினைப்பதில்தான் தவறு நேர்கிறது. மூன்றாவது வகை ஒன்று உண்டு. உண்மையான பார்வையாளராகவே மேடைக்கு வந்து, அங்கே கிடைக்கும் மெல்லிய கட்டளைகளைக் கேட்டு, வித்தைக்கு ஒத்துழைத்துவிடுகிறவர்.

இதற்கு நீதிமன்றத்திலேயே வெளிவந்த சான்று இருக்கிறது. லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் கிராண்ட் விடுதியில் அமெரிக்க வித்தைக்காரர் டேவிட் காப்பர்ஃபீல்டு நடத்திய ஒரு வித்தையில், கூட்டத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 13 பேர் மேடையில் மறைந்து அரங்கின் பின்புறத்தில் தோன்றுவார்கள். 2013-இல் அதில் பங்கேற்ற பிரிட்டன் நாட்டுச் சுற்றுலாப் பயணி ஒருவர் தவறி விழுந்து காயமடைந்ததாக வழக்குத் தொடர்ந்தார். 2018 விசாரணையில் முறை வெளியே வந்தது. திரைக்குப் பின்னால் உதவியாளர்கள் அவர்களை அவசரமாக நடைவழிகள் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய், மீண்டும் உள்ளே அழைத்துவந்தார்கள். கவனக்குறைவு இருந்ததாகக் கண்ட நடுவர் குழு, காயத்துக்கான பொறுப்பைக் கலைஞர்மீதோ விடுதிமீதோ சுமத்தவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் 13 பேரில் எவரும் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை என்பதுதான். ஓடச் சொன்னார்கள், ஓடினார்கள். வெளியே வந்து கையசைத்தார்கள். ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும் மேடையில், ஒரு நிகழ்ச்சியைக் கெடுத்தவர் என்ற பெயரை யாரும் எளிதில் வாங்க விரும்புவதில்லை. பூங்கா மேடையில் "சீட்டைப் பார்த்தீர்களா, சரிதானே?" என்று கேட்டால் தயங்காமல் தலையாட்டும் அப்பாவும் அதே அழுத்தத்தில்தான் நிற்கிறார்.

வீட்டுக்குப் போன பிறகு வளரும் வித்தை

எதிர்வினை அரங்கோடு முடிவதில்லை. மறுநாள் அலுவலகத்தில் சொல்லும்போது பெட்டி சிறியதாகிவிடும். அறுத்த நேரம் நீண்டுவிடும். "நானே போய்த் தொட்டுப் பார்த்தேன்" என்பதும் சில நேரங்களில் சேர்ந்துவிடும்.

இந்தியக் கயிற்று வித்தையின் வரலாறு இதற்கு மிகச் சிறந்த பாடம். திறந்தவெளியில் கயிறு வானத்தில் எழும்பி நிற்க, சிறுவன் ஒருவன் அதில் ஏறி மறைந்துவிடுவான் என்பது கதை. 1890-இல் சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் இதை நேரில் கண்டதுபோல் ஒரு செய்தியை வெளியிட்டது. சில மாதங்களில் அது கற்பனை என்று அதே இதழ் ஒப்புக்கொண்டது. மறுப்பைவிடச் செய்தி வேகமாகப் பரவியது. 1934-இல் லண்டனின் மேஜிக் சர்க்கிள் என்ற வித்தைக்காரர்கள் சங்கம், திறந்தவெளியில் இதைச் செய்து காட்டுகிறவருக்கு 500 கினி (பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) தருவதாக அறிவித்தும் பரிசு எவருக்கும் போகவில்லை. ஆனால் நேரில் பார்த்ததாகச் சொன்னவர்களுக்கு மட்டும் குறைவில்லை. ரிச்சர்டு வைஸ்மன், பீட்டர் லாமண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தச் சாட்சியங்களைத் திரட்டி ஒப்பிட்டு 1996-இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: பார்த்ததற்கும் எழுதியதற்கும் இடையில் ஆண்டுகள் கூடக் கூட, விவரிப்பில் வியப்பும் கூடியிருந்தது.

ஆகவே ஒரு காட்சியைப் பற்றிய கருத்துகளைப் படிக்கும்போது அவை எப்போது எழுதப்பட்டவை என்பதைப் பார்ப்பது நல்லது. கைப்பேசியில் பதிவுசெய்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர், "இது ஒரு வித்தையா?" என்று கேட்பதையும் இதே கணக்கில் வைக்க வேண்டும். அவர் பார்த்தது நிகழ்ச்சியின் பதிவை. ஒருமுறை மட்டும் நடந்து முடியும் காட்சியின் அழுத்தம் அவருக்கு இல்லை.

சட்டகம்: எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஒன்று

மேலே சொன்ன அனைத்தையும்விட வலிமையானது, "இப்போது நாம் எதைப் பார்க்கிறோம்" என்று பார்வையாளர் தமக்குள் வைத்திருக்கும் பதில். இதைச் சட்டகம் என்று அழைப்போம்.

அரிசிக் கஞ்சி சேர்த்துப் பிசைந்து உலர்த்திய திருநீற்று உருண்டை ஒன்றைக் கட்டைவிரல் இடுக்கில் மறைத்து, கையைச் சுழற்றி நொறுக்கினால் வெறுங்கையிலிருந்து திருநீறு கொட்டும். கோவை போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த், ஊர் ஊராகச் சென்று இதைச் செய்து காட்டி, செய்முறையையும் சொல்லிக் கொடுத்தவர். மேடையில் இதைச் செய்தால் கைதட்டல். ஆசிரமத்தில் செய்தால் காலில் விழுவார்கள். இலங்கையில் வாழ்ந்த இன்னொரு பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்று இல்லாமல் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் விட்ட சவாலும் இந்த இரண்டு சட்டகங்களுக்கு இடையிலான வேறுபாட்டைத்தான் மக்களிடம் எடுத்துச் சென்றது. மேடை வித்தைக்காரர் "இது வித்தை" என்ற ஒப்புதலோடு தொடங்குகிறார். அந்த ஒப்புதல் இருக்கும்வரை அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வது பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து.

பூங்காக்களில் உள்ள பேய் வீடுகள் இன்னொரு சான்று. 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் காட்டிய ஆவி உருவம், சாய்வாக நிறுத்திய பெரிய கண்ணாடியில் தெரிந்த பிம்பம்தான். அன்று அது அரங்கை நடுங்கவைத்தது. அதே உத்தியை 1969-இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தின் பேய் மாளிகை பயன்படுத்துகிறது. வண்டியில் அமர்ந்து கடந்து போகிறவர்கள் எவரும் அங்கே செட்டப் என்று குற்றம் சாட்டுவதில்லை. சவாலாக முன்வைக்கப்பட்டால் மட்டுமே மக்கள் ஐயப்படுகிறார்கள்.

சட்டகம் குழம்பினால் என்ன ஆகும் என்பதை 1956 ஏப்ரல் 9 அன்று பிரிட்டன் கண்டது. கொல்கத்தாவின் வித்தைக்காரர் பி.சி. சர்க்கார், பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் தீப்தி டே என்ற 17 வயது உதவியாளரை மேசையில் கிடத்தி, வட்ட வாளால் அறுத்தார். வழக்கமான வித்தையில் பெண் சிரித்தபடி எழுந்து வர வேண்டும். சர்க்கார் அவருடைய கையைத் தேய்த்தார், அசைவில்லை. முகத்தைத் துணியால் மூடினார். நெறியாளர் ரிச்சர்டு டிம்பிள்பி கேமராவின் முன் வந்து, நிகழ்ச்சி முடிந்துவிட்டதாக அறிவித்தார். ஒரு பெண் நேரலையில் கொல்லப்பட்டுவிட்டார் என்று பதறியவர்களின் அழைப்புகளால் பிபிசியின் தொலைபேசிகள் திணறின. உதவியாளர் நலமாகவே இருந்தார். லண்டனில் சர்க்காரின் காட்சிகளுக்குச் சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன. பனோரமா ஒரு செய்தி ஆய்வு நிகழ்ச்சி என்பதை மறந்துவிடக் கூடாது. கேளிக்கை நிகழ்ச்சியாக இருந்திருந்தால் அந்தப் பதற்றத்தில் பாதிகூட எழுந்திருக்காது.

இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. 1984 ஏப்ரல் 15 அன்று லண்டன் ஹெர் மெஜஸ்டிஸ் அரங்கில், வித்தைகள் பிசகுவதையே நகைச்சுவையாக்கிப் புகழ்பெற்ற டாமி கூப்பர், நேரலை நிகழ்ச்சியின் நடுவே திரைமீது சரிந்து உட்கார்ந்தார். கூட்டம் சிரித்தது. அது மாரடைப்பு. அவர் பிழைக்கவில்லை. சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த மேடையில் நடக்கும் எதுவும் உண்மை இல்லை என்ற நம்பிக்கையை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களுக்குக் கற்பித்தவர் அவரே. 2019 ஜூனில் கொல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றில், சங்கிலியால் கட்டப்பட்டு இறங்கிய வித்தைக்காரர் சஞ்சல் லாஹிரி மேலே வராமல் உயிரிழந்தார். தப்பிக்கும் வித்தைகளில் தாமதமே நாடகம் என்று பழகிய கண்களுக்கு, எந்த நொடியில் அந்தத் தாமதம் ஆபத்தாக மாறுகிறது என்பது தெரிய வழியில்லை.

இதனால் பூங்கா நடத்துகிறவர்களுக்கும் பெற்றோருக்கும்

பார்வையாளரின் எதிர்வினையை எச்சரிக்கை மணியாக நம்ப முடியாது என்பதே நடைமுறையில் முதன்மையான விளைவு. இதிலிருந்து சில தேவைகள் நேரடியாகப் பிறக்கின்றன.

1. தண்ணீர், தீ, பூட்டு, உயரம் ஆகியவற்றோடு நடக்கும் எந்த வித்தைக்கும், நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரத்தோடு, கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திரைக்குப் பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். இத்தனை நொடிக்குள் கலைஞர் வெளிவராவிட்டால் உடைத்துத் திற என்ற வரம்பை ஒத்திகையிலேயே முடிவுசெய்ய வேண்டும். நிகழ்ச்சியில் ஒருபோதும் பயன்படுத்தாத ஒரு சைகையும், ஒரு சொல்லும் உண்மையான ஆபத்துக்கென்று ஒதுக்கப்பட வேண்டும்.

2. மேடைக்கு அழைக்கப்படும் பார்வையாளரிடம், ஓட வேண்டியிருக்குமா, இருட்டான படியில் இறங்க வேண்டியிருக்குமா என்பதை ஏறுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். அங்கே போன பிறகு அவரால் மறுக்க முடியாது.

3. ஓர இருக்கைகளைக் கயிறு கட்டி மூடுவது வித்தையைக் காப்பதோடு, ஓரத்தில் அமர்ந்தவர்கள் ஏமாற்றத்தோடு போவதையும் தவிர்க்கும்.

4. சிறு குழந்தைகளோடு வருகிறவர்கள், வாள் அறுக்கும் காட்சி தொடங்கும் முன்பே, "அந்த அக்கா கடைசியில் எழுந்து வந்து கையாட்டுவாங்க, பார்" என்று சொல்லிவிடலாம். குழந்தையிடம் இல்லாத சட்டகத்தை அந்த ஒரு வரி கொடுத்துவிடும். அப்போதும் பயந்தால் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவதே சரி. காட்சி முடியும்வரை கண்ணைப் பொத்தி உட்காரவைத்தால், வாளின் ஓசையை மட்டும் கேட்கும் குழந்தை, அந்த அக்கா எழுந்து வருவதைப் பார்க்காமலே வீடு திரும்பும்.